மீன்கொத்திக்கு ஓர் இற்றைப்படுத்தல் விழா

திருகோணமலை உட்துறைமுக வீதியில் கரையோரச் சிறுகலன் அதிகாரசபை என்று ஒரு கந்தோர் இருந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு திமிங்கிலம் காட்டப் போகும் எந்தப் படகும் அந்தக் கந்தோரின் அனுமதி இல்லாமல் கரையை விட்டு அசையக் கூடாது என்பது சட்டம். திமிங்கிலங்களுக்கு அப்படியொரு சட்டம் இல்லாதபடியால் அவை வருடா வருடம் யாரிடமும் கேளாமல் வந்து போய்க்கொண்டிருந்தன.

அந்த வருடமும் வந்துவிட்டன. சுஹைராவின் படகு மட்டும் சல்லி என்ற கிராமத்துக் கரை மணலில் கிடந்தது. அனுமதி முடிந்த மற்றப் படகுக்காரர்கள் வலையை ஏற்றிக்கொண்டு மீன்பிடிக்குத் திரும்பிவிட்டார்கள். சுஹைராவின் படகில் வலை இல்லை. வெள்ளைக்காரர் வசதியாகக் குந்துவதற்கென்று வரிசையாக நீலக் கதிரைகள் பூட்டியிருந்தன. கதிரையைப் போட்டு மீன் பிடிக்கவா முடியும்?

படகை ஓட்டுகிறவன் அவளுடைய கணவன் அன்ஸார். கடலில் அவனுக்குத் தெரியாத திக்கு இல்லை. கரையில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல நின்றால் மட்டும் அவனுடைய கைகள் சும்மா இருக்காது. சத்தம் போடுகிறது என்று மின்விசிறியைக் கழற்றினான். பிறகு சத்தம் போடவில்லை, ஏதோ கோளாறு என்று குளிர்சாதனப் பெட்டியைக் கழற்றினான். குசினிக் குழாயைக் கழற்றி, பூட்டும்போது ஒரு துண்டு மிஞ்சிவிட்டது. அது எங்கே இருந்து வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. குழாய்க்கு மட்டும் தெரிந்திருந்தது. அன்றைக்குத்தான் சுஹைரா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "இந்த மனுசன் வீட்டுச் சுவரைக் கழட்ட முதல் அனுமதி எடுக்கணும்" என்று கந்தோருக்குப் புறப்பட்டாள்.

கந்தோரில் கஜந்தி என்ற இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருந்தாள். விசயத்தைக் கேட்டுவிட்டு, தன் கணினித் திரையை சுஹைராவின் பக்கம் திருப்பிக் காட்டினாள். திரையின் மேல்பக்கத்தில் குறுக்காகக் கறுப்புப் பட்டி ஒன்று ஒட்டியிருந்தது.

"இது என்ன தங்கச்சி, கண்ணாடி வெடிச்சிட்டா?"

"இல்ல அக்கா. அதுக்குக் கீழ 'உங்கள் உலாவி பழையது, இற்றைப்படுத்துங்கள்' எண்டு ஒரு வசனம் வருது. பணிப்பாளர் சேருக்கு அது மரியாதைக் குறைவாப் பட்டுது. ஒட்டி மறைக்கச் சொன்னார்."

"உலாவி எண்டா?"

"பிரவுசர் அக்கா. வெப்சைட்டத் திறந்து காட்டுற சாமான். எங்கட பிரவுசர் பழசாப் போச்சு. அதால அமைச்சின்ட தளம் எங்களுக்குத் திறக்குதில்ல. அந்தத் தளத்துக்குள்ள போனாத்தான் உங்கட அனுமதியைப் புதுப்பிக்கலாம். ரெண்டு வருசமா இதே கதைதான்."

"அப்ப போன வருசமும் அதுக்கு முந்தின வருசமும் தந்தீங்களே?"

"அது கையால எழுதின நீடிப்பு. ரெண்டு தரந்தான் குடுக்கலாம். மூண்டாந்தரத்துக்குச் சட்டத்தில இடமில்ல."

சுஹைரா கைப்பையிலிருந்து தன் தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தாள். "இதில திறந்து பாருங்க. இது புதுசு."

கஜந்தி பாம்பைக் கண்டவள் போலக் கதிரையைப் பின்னுக்கு இழுத்தாள். அதிகாரிகளுக்கான பக்கத்தைக் கந்தோர்க் கணினியிலன்றி வேறெதிலும் திறக்கக் கூடாது என்று பணிப்பாளர் உத்தரவு போட்டிருந்தார். கந்தோர்க் கணினிகளோ ஊரில் உள்ள கணினிகள் மாதிரி அல்ல. சுனாமிக்குப் பிறகு வடதுருவத்துப் பக்கத்து நாடொன்றின் உதவித்திட்டத்தில் வந்து இறங்கியவை. உலகத்தார் எல்லாரும் வைத்திருக்கும் இயங்குதளம் அவற்றில் இல்லை. மீன்கொத்தி என்ற பெயருடைய ஓர் அபூர்வமான இயங்குதளம் இருந்தது. அதைச் செய்த கம்பனி, கணினிகளை ஏற்றிய கப்பல் திருகோணமலைக்கு வந்து சேர்வதற்கிடையில் மூடப்பட்டுவிட்டது. மீன்கொத்தி மாத்திரம் மிஞ்சியது.

கஜந்தி இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளறைக் கதவு திறந்து பணிப்பாளர் இராசதுரை வெளியே வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனைகள். மீன்கொத்தி என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இந்தக் கந்தோரில இத்தனை வருசத்தில ஒரு வைரஸ் வந்ததில்லை பாருங்கோ தங்கச்சி. ஒண்டு! கொழும்பில வாரத்துக்கு ஒண்டு வருது. இஞ்ச வராது. ஏன்? இப்பிடி ஒரு கந்தோர் இருக்கிறது வைரசுக்கே தெரியாது."

"அப்ப அந்தப் பிரவுசரப் புதுசாக்க ஏலாதா சேர்?"

"ஏலும். ஏன் ஏலாது? அதுக்கெண்டு உலாவி இற்றைப்படுத்தல் உபகுழு எண்டு ஒரு குழுவே இருக்கு. குழு கூட ஏலாமக் கிடக்கு. பொதுமக்கள் பிரதிநிதி கனடாவுக்குப் போயிட்டார்." பணிப்பாளர் திடீரென்று நிறுத்தி, சுஹைராவை மேலும் கீழுமாகப் பார்த்தார். "நீங்கள் பொதுமக்களோ?"

சுஹைரா தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்தாள். "ஓம் சேர், அப்பிடித்தான் நினைக்கிறன்" என்றாள்.

"நல்லதாப் போச்சு. உள்ள வாங்கோ, கூட்டம் தொடங்குது."

இப்படித்தான் சுஹைரா, படகுக்கு அனுமதி எடுக்கப் போனவள், உலாவி இற்றைப்படுத்தல் உபகுழுவின் பொதுமக்கள் பிரதிநிதி ஆனாள். அன்றைக்கு அவள் வீடு திரும்பியபோது அன்ஸார் தையல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டிருந்தான்.

உபகுழுவில் நான்கு பேர். பணிப்பாளர் தலைவர். கஜந்தி செயலாளர். கணக்காளர் ஸஹாப்தீன் உறுப்பினர்; சுற்றறிக்கை எல்லாம் அவருக்கு இலக்கத்தோடு மனப்பாடம், அதைத் தவிர வேறு எதிலும் அவர் ஈடுபாடு காட்டியதில்லை. நான்காவது சுஹைரா. கூட்டத்தின் முதல் அலுவலாக, மின்விசிறியை எந்த வேகத்தில் விடுவது என்பதை ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

இரண்டாவது அலுவலில்தான் சுஹைராவுக்கு விசயம் பிடிபட்டது. உலாவி செய்கிற பெரிய கம்பனிகள் மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வெளியிடுகின்றன. அவற்றுக்கு மீன்கொத்தி என்றால் என்னவென்றே தெரியாது. எங்கேயோ பின்லாந்தில் பெக்கா என்று ஒருவர், கூலி கேளாமல், தன் ஆசைக்கு, ஒவ்வொரு பதிப்பையும் மீன்கொத்தியில் ஓடும்படி திருத்தி விட்டுக்கொண்டிருந்தார். அவர் விடும் பதிப்பு ஒவ்வொன்றையும் உபகுழு ஆராயும். ஆராய்ந்து முடிக்க ஒரு பருவகாலம் போகும். அதற்குள் அது பழையதாகிவிடும். பழைய பதிப்பை அங்கீகரிக்கக் கூடாது என்பதால் நிராகரித்துவிட்டு அடுத்ததை ஆராயத் தொடங்குவார்கள். கணினியோடு வந்த அவருடைய முதற்பதிப்பைத் தவிர ஒன்றைக்கூட நிறுவியதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னர் பெக்காவும் நிறுத்திவிட்டார்.

"புதுசு கையில கிடைச்சா, போடுறதுக்கு எவ்வளவு நேரம் தங்கச்சி?" சுஹைரா கஜந்தியிடம் மெல்லக் கேட்டாள்.

"தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும் அக்கா."

பணிப்பாளர் தொண்டையைச் செருமினார். கூட்டம் என்றால் அவருக்குப் பேச்சு வழக்கு மாறிவிடும்.

"இந்த அதிகாரசபை புதுமைக்கு எதிரானது அல்ல. ஆனால் புதுமை முறைப்படி வரவேண்டும். முறைப்படி வந்து சேர்வதற்குள் புதுமை பழையதாகிவிடுகிறது என்றால், அது புதுமையினுடைய குறைபாடு. முறையினுடைய குறைபாடு அல்ல. இதை அறிக்கையில் பதிவுசெய்யவும்."

கஜந்தி பதிவுசெய்தாள்.

"சேர், அந்தப் பெக்காவுக்கு ஒரு சொல்லு எழுதிப் பாத்தீங்களா?" என்றாள் சுஹைரா.

வெளிநாட்டவருடன் கடிதத் தொடர்பு வைப்பதற்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றார் ஸஹாப்தீன். அமைச்சின் அனுமதியைக் கேட்பதற்குத் தளத்துக்குள் போகவேண்டும். தளத்துக்குள் போவதற்குப் பெக்கா வேண்டும்.

"நான் எழுதினா? நான் பொதுமக்கள்தானே."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொதுமக்கள் யாருக்கும் எதையும் எழுதக் கூடாது என்று ஸஹாப்தீனுக்குத் தெரிந்த எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

சுஹைரா வெளியே வந்து, மரநிழலில் நின்று தொலைபேசியை எடுத்தாள். உலாவியின் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் கிடந்த பெக்காவின் முகவரியைக் கஜந்தி கண்ணால் காட்டியிருந்தாள். தமிழில் எழுதி, தொலைபேசியைக் கொண்டு மொழிபெயர்த்து அனுப்பினாள்: 'ஐயா, நான் சுஹைரா. படகு வைத்திருக்கிறேன். நீங்கள் உலாவி செய்தால்தான் என் கணவர் கடலுக்குப் போகலாம். அவர் கடலுக்குப் போனால்தான் என் வீடு மிஞ்சும்.'

பதில் அன்று பின்னேரமே வந்தது. நீளமான பதில். திருகோணமலையிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் யாரோ சிலர் தன்னிடம் வந்து 'புதிய பதிப்பு இருக்கிறதா' என்று கேட்டுவிட்டு, இருக்கிறது என்று சொன்னதும் எடுத்துக்கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தார்களாம். கணினிகள் தாமாகக் கேட்பதுதான். பெக்காவுக்கு அது தெரியும். தெரிந்தும், தன் வேலை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று மனம் உடைந்து நிறுத்திவிட்டாராம். உலகத்தில் மீன்கொத்தி வைத்திருப்பவர்கள் தானும் அவர்களும் மட்டுந்தான் என்று எழுதியிருந்தார். தொழில் பல் வைத்தியம். ஓய்வு நேரமெல்லாம் மீன்கொத்தி. உடனே தொடங்குகிறேன் என்று முடித்திருந்தார்.

சொன்னபடி செய்தும்விட்டார். ஒரு வாரத்தில் புதிய உலாவி தயார்.

சுஹைரா சந்தோசத்தில் மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு உபகுழுவுக்குப் போனாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஸஹாப்தீன் சொன்னார்:

"மூணு பேரிட்ட விலை கேக்கணும்."

"அவர் சும்மா தாறாரே!"

"சும்மா தந்தாலும் மூணு பேரிட்ட கேக்கணும். ஆர் நல்லாச் சும்மா தாறாங்க எண்டு ஒப்பிட்டுப் பாக்கிறதில்லையா?"

மீன்கொத்திக்கு உலாவி செய்பவர் உலகத்திலேயே ஒருவர்தான் என்று கஜந்தி விளங்கப்படுத்தினாள். அப்படியானால் மற்ற இரண்டு பேரும் ஏன் முன்வரவில்லை என்பதை விசாரிக்கவேண்டும் என்றார் பணிப்பாளர்.

சுஹைரா வெட்கத்தை விட்டு இதையும் பெக்காவுக்கு எழுதினாள். அவர் நல்ல மனுசன். தன் பெயரில் ஒன்று, மனைவியின் பெயரில் ஒன்று, வீட்டு நாய் நுப்புவின் பெயரில் ஒன்று என்று மூன்று விலைமனுக்களை அனுப்பிவைத்தார். தன்னுடையதில் விலை சைபர் என்று போட்டிருந்தார். மனைவியினுடையதில் ஒரு சிறிய தொகை. நுப்புவினுடையதில் ஒரு பொதி பிஸ்கற்.

சைபர் என்றால் விலை நிரப்பப்படவில்லை என்றே கொள்ளவேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. பெக்கா நிராகரிக்கப்பட்டார். மனைவியின் விலை பிஸ்கற்றின் விலையிலும் கூடுதல். ஆகவே ஒப்பந்தம் திருவாளர் நுப்புவுக்கு வழங்கப்பட்டது.

"நாய் எண்டு சொல்லட்டா அக்கா?" கஜந்தி சுஹைராவின் காதுக்குள் கேட்டாள்.

"வாயைத் திறக்காதீங்க தங்கச்சி. பிறகு நாலாவது ஆளைத் தேடச் சொல்லுவாங்க."

இனி நிறுவவேண்டியதுதானே என்று சுஹைரா நினைத்தாள். பணிப்பாளர் அப்படி நினைக்கவில்லை. இந்த அதிகாரசபையின் வரலாற்றில் முதலாவது இற்றைப்படுத்தல். அதைச் சும்மா ஒரு மூலையில் இருந்து செய்துவிட முடியுமா? விழா வைக்கவேண்டும். பிரதம விருந்தினராக அமைச்சின் மேலதிகச் செயலாளரை அழைக்கவேண்டும். நல்ல நாள் பார்க்கவேண்டும்.

நல்ல நாள் அடுத்த மாதத்தில்தான் இருந்தது. அதற்குள் உலகத்தார் அடுத்த பதிப்பை வெளியிட்டுவிடுவார்கள் என்று கஜந்தி நினைவூட்டினாள்.

பணிப்பாளர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, உலகத்தில் உள்ள உலாவிக் கம்பனிகள் அனைத்துக்கும் ஒரு கடிதம் சொன்னார். கஜந்தி எழுதினாள். 'எமது விழா நிறைவுபெறும் வரை புதிய பதிப்புகள் எதனையும் வெளியிடுவதைத் தவிர்த்து ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மாறாக நடப்பின் அதனால் ஏற்படும் விளைவுகளுக்கு அதிகாரசபை பொறுப்பேற்காது.' உறையின் மேல் விலாசம் எழுதவேண்டிய இடத்தில் 'அமெரிக்கா' என்று எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்பினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அந்த மாதம் ஏதோ காரணத்தால் புதிய பதிப்பு இரண்டு கிழமை பிந்தியது. பணிப்பாளர் அதற்குப் பிறகு நடக்கும்போது நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

விழா நடப்பதைக் கேள்விப்பட்ட பெக்கா தானும் வருவதாக எழுதினார். தன் உலாவியைத் தன்னையன்றி இன்னொருவர் திறப்பதை வாழ்க்கையில் ஒருநாளாவது கண்ணால் பார்க்கவேண்டுமாம்.

அழைப்பிதழில் 'பின்லாந்து தேசத்துப் பல் வைத்திய நிபுணர் டொக்டர் பெக்கா அவர்களின் முன்னிலையில்' என்று அச்சடித்தார்கள். அதுதான் பிழையாகிப்போனது. வெளிநாட்டுப் பல் டொக்டர் வருகிறார், காசு வாங்கமாட்டார் என்று கதை பரவியது. விழா நாள் காலையில் மூதூரிலிருந்து வந்த படகில் முக்கால்வாசிப்பேர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். கட்டைபறிச்சானிலிருந்து ஒரு குடும்பம் முழுக்க வந்திருந்தது. கிண்ணியாவிலிருந்து ஒரு வாகனம் பிடித்து வந்தார்கள். கந்தோர் முற்றத்தில் போட்ட பந்தல் நிறைந்து, வீதி வரை வரிசை நின்றது.

பந்தல் நடுவே, மேசையின் மேல், சிவப்பு நாடா கட்டிய கணினி. வாசலில் கட்டியிருந்த வாழையையும் மாவிலைத் தோரணத்தையும் கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள் விடியற்காலையிலேயே தின்று முடித்துவிட்டன. ஒரு மான் இன்னும் மிச்சம் இருக்குமோ என்று முன்வரிசைக் கதிரைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அதை விரட்டப் போன காவலாளி தனக்கும் கடைவாய்ப் பல் நோவதாகச் சொல்லி வரிசையில் சேர்ந்துவிட்டான்.

பெக்கா நெடிய, சிவந்த, கூச்சப்படுகிற மனுசன். கணினியைப் பார்க்க ஆசையோடு ஓடி வந்தவரைச் சனம் மறித்து வாயைத் திறந்து காட்டியது. முதலில் திகைத்தார். பிறகு, வைத்தியர் அல்லவா, தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்து ஒவ்வொரு வாயாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார். சுஹைரா பக்கத்தில் நின்று, தொலைபேசி மொழிபெயர்த்ததை உரத்து வாசித்தாள்.

"உங்களுக்குப் பிடுங்கணுமாம். உங்களுக்கு ஒண்டுமில்லையாம், வெத்திலையைக் குறைக்கட்டாம். மத்த ஆள் வாங்க!"

பிரதம விருந்தினர், மேலதிகச் செயலாளர் தனஞ்சயன், பதினொரு மணிக்குக் கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். அழைப்பிதழை அவர் மதிய போசனம் என்ற சொல் வரை வாசித்திருந்தார். வரிசையைக் கண்டதும் இது பல் வைத்திய முகாம் என்று முடிவுகட்டி, தனக்கும் ஒரு பல் கூசுகிறது என்று நேரே போய் வாயைத் திறந்தார். பெக்கா பார்த்துத் தலையசைத்தார். திருப்தியோடு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார் மேலதிகச் செயலாளர்.

"மக்களின் காலடிக்கே சேவையைக் கொண்டுவரும் இந்த நிறுவனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. இப்படியான நிறுவனங்கள் நாட்டுக்கு இன்னும் பல வேண்டும். நான் எப்போதும் உன்னிப்பாக அவதானித்துவரும் ஒரு நிறுவனம் இந்த..." அவர் பெயரை வாசிப்பதற்காகப் பின்னால் தொங்கிய பதாகையைத் திரும்பிப் பார்த்தார். "...இந்தக் கரையோரச் சிறுகலன்..."

அவ்வளவுதான். வாய் நின்றது. பதாகையை மறுபடியும் வாசித்தார். பிறகு பணிப்பாளர் பக்கம் திரும்பினார். ஒலிவாங்கியை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் பேசியதெல்லாம் ஒலிபெருக்கியில் துறைமுகம் வரைக்கும் கேட்டது.

"இராசதுரை, நீங்கள் இன்னும் இஞ்சயோ இருக்கிறீங்கள்?"

"ஓம் சேர். ஒருநாள் லீவு எடுக்கேல்லை."

"இதை மூடி ரெண்டு வருசமாச்சே ஐசே!"

"எதை சேர்?"

"உங்களை. இந்த அதிகாரசபையை. அமைச்சின்ர தளத்தில போட்டனாங்கள். அதிகாரிகள்ர பக்கத்தில, சிவப்பு எழுத்தில. பார்க்கேல்லையோ?"

"சேர், அந்தத் தளம் எங்களுக்குத் திறக்காது."

"திறக்காட்டி அறிவிச்சிருக்க வேண்டாமோ?"

"அறிவிக்கிறதெண்டா தளத்தில முறைப்பாடு பதியச் சொல்லி இருந்தது சேர். பதியப் பார்த்தனாங்கள். திறக்கேல்லை."

மேலதிகச் செயலாளர் நெற்றியைத் துடைத்தார். "அப்ப இவ்வளவு நாளும் சம்பளம்?"

"மாசம் தவறாமல் வருது சேர். அதில ஒரு குறையும் சொல்ல ஏலாது."

"அதை நிப்பாட்டச் சொல்லி உங்கட சம்மதம் கேட்டிருந்தமே. தளத்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

பந்தலில் பல் வலிக்காரர்கள்கூட வலியை மறந்து நின்றார்கள். மேசையின் மேல் கணினி தயாராக இருந்தது. நாடாவை வெட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் புதிய உலாவி நிறுவப்படும். நிறுவினால் தளம் திறக்கும். திறந்தால் சிவப்பு எழுத்து தெரியும். தெரிந்தால், மூடல் அறிவித்தல் பணிப்பாளருக்கு முறைப்படி கிடைத்ததாகிவிடும். அதோடு, மூடின கந்தோருக்கு இரண்டு வருடம் சம்பளம் போனது ஏன் என்று யாராவது மேலதிகச் செயலாளரிடமும் கேட்பார்கள்.

பணிப்பாளர் கத்தரிக்கோலைப் பார்த்தார். மேலதிகச் செயலாளரும் பார்த்தார். இரண்டு பேருடைய கைகளும் மெல்ல மெல்ல முதுகுக்குப் பின்னால் போயின.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் பணிப்பாளர்தான். ஒலிவாங்கியை இழுத்தார். "பெரியோர்களே, தாய்மார்களே! உலாவி இற்றைப்படுத்தல் என்பது பாரதூரமான ஒரு விடயம். உலகம் அவசரப்படலாம், நாம் அவசரப்படக் கூடாது. பழைய உலாவி எமக்கு என்ன குறை வைத்தது? அமைச்சிலிருந்து ஒரு கேள்வி வந்ததா? ஒரு கண்டனம் வந்ததா? இரண்டு வருடங்களாக இந்தக் கந்தோரில் நிலவிய அமைதியை ஒரு பொத்தானை அழுத்திக் குலைப்பதற்கு எமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆகவே இற்றைப்படுத்துவதால் வரக்கூடிய பாதிப்புகளை ஆராய ஓர் உபகுழுவைப் பிரேரிக்கிறேன்."

"வழிமொழிகிறேன்," என்றார் மேலதிகச் செயலாளர், "நாட்டின் நலன் கருதி."

கைதட்டல் எழுந்தது. எதற்கென்று தெரியாமல் கட்டைபறிச்சான் குடும்பம்தான் முதலில் தட்டியது. ஸஹாப்தீன் மட்டும் எழுந்து, "திரு. நுப்பு வரேல்லையா? ஒப்பந்தம் அவர்ட பேரில எல்லோ இருக்கு, ரத்துச் செய்யிறதெண்டா அவர் கையொப்பம் வைக்கணும்" என்று தேடினார். பெக்காவிடம் சுஹைரா கேட்டாள். நுப்பு விமானத்தில் ஏற மறுத்துவிட்டதாக அவர் வருத்தத்தோடு சொன்னார்.

பிறகு சுஹைரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேலதிகச் செயலாளருக்கு முன்னால் போய் நின்றாள்.

"சேர், கந்தோர் மூடினதெண்டா, என்ட படகுக்கு அனுமதி ஆர் தாறது?"

"என்ன படகு தங்கச்சி?"

"திமிங்கிலம் பாக்க ஆள் கொண்டுபோற படகு."

"ஓ, அதுக்கோ? அதுக்கு இப்ப அனுமதி தேவையில்லையே. அந்தச் சட்டமும் இதோட போயிட்டுது. உயிர்காப்புச் சட்டை இருக்குத்தானே? கரைச் சாவடியில சொல்லிட்டுப் போகவேண்டியதுதான்."

"எப்ப இருந்து சேர்?"

"அதே ரெண்டு வருசமா."

சுஹைராவுக்குக் கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. எறிவதற்கு ஏதாவது அகப்படுமா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. கை நீட்டியபோது பின்னால் நின்ற மான் அவளை முந்திக்கொண்டது. ஒரு பழத்தைத் தோலோடு மென்றுகொண்டு, அது மேலதிகச் செயலாளரை நிதானமாகப் பார்த்தது. சுஹைராவுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், ஏலவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையோரத்தில் குந்திவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

பெக்கா பதறிப்போய் என்ன நடந்தது என்று கேட்டார். சிரிப்புக்கிடையில் தொலைபேசியில் சொல்லிக் காட்டினாள். அவர் வாசித்தார்: 'கந்தோர் இல்லை. ஆனால் இருக்கிறது. இருக்கவேண்டும் என்பதால் இற்றைப்படுத்தமாட்டார்கள்.' மொழிபெயர்ப்பு பிழையாகிவிட்டது என்று நினைத்து இரண்டாந்தரமும் கேட்டார். அதே வசனம்தான் வந்தது. சிவப்பு நாடா கட்டிய கணினியை அவர் திரும்பிப் பார்த்தபோது முகம் சின்னப்பிள்ளையின் முகம் போல வாடியிருந்தது. அதைக் கண்டதும் சுஹைராவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வாங்க டொக்டர். அது கிடக்கட்டும். உங்களுக்குத் திமிங்கிலம் காட்டுறன்."

வீதிக்கு வந்து ஓட்டோ பிடிக்கும்போது கஜந்தி பின்னால் ஓடி வந்தாள்.

"அக்கா, உங்கட படகில ஆள் ஏத்தி இறக்க, பேர் பதிய ஒரு ஆள் தேவைப்படுமா?"

"தேவைதான். ஆனா எங்களிட்டக் கொம்பியூட்டர் ஒண்டுமில்ல தங்கச்சி."

"அதாலதான் அக்கா கேக்கிறன்."

மூன்று பேரும் சல்லிக்கு வந்து சேர்ந்தபோது அன்ஸார் படகு நிழலில் சாய்ந்திருந்தான். பெக்காவைப் பார்த்தான், கஜந்தியைப் பார்த்தான், கடைசியில் மனைவியைப் பார்த்தான்.

"கிடைச்சிட்டா?"

"தேவையில்லையாம்."

"ஆஹா! எப்ப இருந்து?"

சுஹைரா சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல், நாயையும் மானையும்கூட விடாமல் சொன்னாள். கதை முடிந்த பிறகு அன்ஸார் படகின் முன்புற அணியத்தில் குந்திக்கொண்டு கடலைப் பார்த்தான். தூரத்தில் வேறு யாரோ ஒருவருடைய படகு, வெயிலில் மின்னிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"அப்ப இவ்வளவு நாளும் நாம ஆருக்குப் பயந்து கரையில கிடந்தம்?"

சுஹைரா யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்துத்தான் பார்த்தாள்.

"ஒருத்தருக்குமில்ல" என்றாள்.

அன்ஸார் எழுந்து சாரத்தை மடித்துக் கட்டினான். சாவடிக்கு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அங்கிருந்தவர் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுக் கையைக் காட்டினாராம், அவ்வளவுதான். நான்கு பேருமாகப் படகைத் தள்ளினார்கள். பெக்காவின் சப்பாத்து மணலில் புதைந்து கழன்று நின்றுவிட்டது; அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கஜந்தி முழங்கால் தண்ணீரில் நின்று, வேலைக்கு வந்த புடைவையோடு, பெரிய சத்தமாக ஏலோ என்று கத்தினாள். படகு ஒருமுறை முனகி, மணலை விட்டு மிதந்தது. அன்ஸார் எஞ்சின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.